அட்டாரி 2600: 8 கேபி கார்ட்ரிட்ஜ் சில முறை தொடங்க மறுக்கிறது

வணக்கம். 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600 வீட்டு வீடியோ விளையாட்டு இயந்திரத்துக்காக நான் எழுதிய விளையாட்டை ஈப்ராம் (அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகம்) சில்லில் பதிந்து கார்ட்ரிட்ஜாக்கி வருகிறேன். ஏ12 முகவரித் தடத்தை ஒரு 7404 (சமிக்ஞையைத் தலைகீழாக்கும் சில்லு) வழியே தலைகீழாக்கிச் சில்லின் தேர்வு முனைக்குக் கொடுத்ததும், 4 கேபி பதிப்பு முதல் முயற்சியிலேயே ஓடியது. 8 கேபி பதிப்புதான் படுத்துகிறது: எமுலேட்டரில் ஒழுங்காக ஓடுவது, உண்மையான இயந்திரத்தில் பத்துக்கு நான்கு முறை கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது. மின்சாரம் வந்தவுடன் எந்த பேங்க் (8 கேபியின் இரண்டு 4 கேபி பாதிகளில் ஒன்று) முன்னிற்கும் என்பது உறுதியில்லை என்பதால், ரீசெட் முகவரியையும் (இயந்திரம் தொடங்கும்போது நிரலை எங்கிருந்து ஓட்டுவது என்பதைச் சொல்வது) முதல் பேங்குக்குத் தாவும் கட்டளையையும் இரண்டிலுமே எழுதிவிட்டேன். இணைப்பு முனைகளை ஆல்கஹாலால் துடைத்தும் பார்த்தாயிற்று (பழுப்பாக அழுக்கு வந்ததுதான் மிச்சம்). முகவரித் தடங்கள் மாறும் கணத்தில் லாட்ச் (எந்த பேங்க் தேர்வானது என்பதை நினைவில் வைக்கும் சுற்று) தவறாகத் தூண்டப்படுகிறதோ என்பது என் ஐயம். சோதிக்க ஆசிலோஸ்கோப் இல்லை. இத்தகைய பலகையைச் செய்தவர்கள், இதைத் தடுக்க மின்தேக்கியை எங்கே, எந்த அளவில் வைத்தீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.