ஹோமருக்கு வந்தது நட்பா, டிக்கெட் ஆசையா?

மொட்டைமாடி:

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் மெயின்டனன்ஸ் பணம் கேட்கும் நாளில் எல்லாம் யாராவது அந்தப் படத்தைப் போட்டுவிடுவார்கள். மஞ்சள் நிற வழுக்கைத் தலை ஆள் ஒருவன் ஒன்றும் பேசாமல் பின்பக்கமாகவே நகர்ந்து செடி வேலிக்குள் மறைந்து போவானே, அதுதான். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், எதிலிருந்து எடுத்தது என்று தெரியாது. போன சனிக்கிழமை, ஒன்பதாவது படிக்கும் என் மகன் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நறுக்கிய வெண்டைக்காயோடு அந்தப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் அதே ஆள், அதே வேலி. பெயர் ஹோமராம். அன்று இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு.

ஐந்தாவது சீசன், 16-ஆவது எபிசோட், ‘ஹோமர் லவ்ஸ் ஃப்ளாண்டர்ஸ்’. அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் 1994 மார்ச் 17 அன்று வந்தது. பார்க்காதவர்களுக்காகக் கதை: ஹோமரின் ஊரான ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கும் பக்கத்து ஊர் ஷெல்பிவில்லுக்கும் ஃபுட்பால் மேட்ச். (நம் ஃபுட்பால் இல்லை, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அது.) ஹோமர் தலைகீழாக நின்றும் டிக்கெட் கிடைக்கவில்லை. ரேடியோ போட்டியில் ஜெயித்து டிக்கெட் வாங்கியவர் பக்கத்து வீட்டு நெட் ஃப்ளாண்டர்ஸ். மீசை, ஸ்வெட்டர், எதற்கெடுத்தாலும் பைபிள். ஹோமருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர்தான் வந்து, கூட வருகிறாயா என்று கூப்பிடுகிறார். இவனும் போகிறான். போகும் வழியில் கூட வேலை செய்யும் லென்னி, கார்ல் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கூச்சம் வேறு. ஸ்டேடியத்தில் தின்னும் செலவெல்லாம் ஃப்ளாண்டர்ஸ் தலையில். நாச்சோ சிப்ஸால் செய்த தொப்பியையே வாங்கி மாட்டிக்கொள்கிறான் என்றால் பாருங்கள்.

மேட்ச் முடிந்ததும் ஸ்ப்ரிங்ஃபீல்டு அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவன்) வந்து ஃப்ளாண்டர்ஸைக் கும்பிடாத குறையாக நன்றி சொல்கிறான். கெட்டு அலைந்தவனை நல்வழிக்குக் கொண்டுவந்தவர் இவராம். ஆட்டத்தில் ஜெயித்த பந்து ஹோமர் கைக்கு வருகிறது. அவ்வளவுதான், திரும்பும் வழியில் அதே லென்னி, கார்லைப் பார்த்து, இவர் என் நண்பர் என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறான்.

அதற்கு அப்புறம்தான் வினை. ஒட்டிக்கொண்டால் விடமாட்டேன் என்கிறான். இரண்டு குடும்பமும் கேம்பிங் போனால் அங்கே சாப்பாட்டை எடுத்து அடித்து விளையாடுகிறான். தப்பித்து காரில் கிளம்பினால் கோல்ஃப் மட்டைகளோடு பின்னால் ஓடிவருகிறான். அந்தப் பயத்தில் வேகமாக ஓட்டி ஃப்ளாண்டர்ஸ் போலீஸில் மாட்ட, சர்ச் ஆட்கள் பஸ்ஸில் இருந்தபடி அதைப் பார்த்துவிடுகிறார்கள். கடைசியில் சர்ச்சில் எல்லாரும் மௌனமாக ஜெபிக்கும் நேரம், பக்கத்தில் ஹோமர் மூக்கால் பெரிதாக மூச்சு விடுகிறான். ஃப்ளாண்டர்ஸால் தாங்க முடியவில்லை. பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவன் சர்ச் அதிரக் கத்திவிடுகிறான். ஊரே முகம் சுளிக்கிறது. அப்போது ஹோமர் எழுந்து நின்று அவனுக்காகப் பேசுகிறான்.

இனி என் கேள்வி. அந்த நட்பு எந்த இடத்தில் உண்மையானது? ‘அது டிக்கெட்டுக்கு வந்த நட்பு, சர்ச்சில் பேசியதுகூட ஒரு குற்ற உணர்ச்சி’ என்கிறான் மகன். இல்லை, வேலிக்குள் மறைகிற இடத்திலேயே அது உண்மையாகிவிட்டது என்கிறேன் நான். ஃப்ளாண்டர்ஸ் நாசூக்காகத் தட்டிக் கழிக்கிறார், இவன் ஒரு கோபமும் இல்லாமல் வந்த வழியே போகிறான். காரியத்துக்காகப் பழகுகிறவன் அந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பாவது முணுமுணுத்திருப்பான். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம். தீர்ப்பு உங்கள் கையில்.

*

பழைய கேபிள்:

அக்கா, இதற்கு நீங்கள் மூன்றாவது சீசனுக்குப் போக வேண்டும். 1991-இல் வந்த ‘வென் ஃப்ளாண்டர்ஸ் ஃபெயில்ட்’. அதில் ஃப்ளாண்டர்ஸ் இடதுகைக்காரர்களுக்கென்றே ‘லெஃப்டோரியம்’ என்று ஒரு கடை போடுகிறார். கோழி நெஞ்செலும்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்து மனதில் வேண்டிக்கொள்வார்களே, அதில் ஹோமர் ஜெயித்து, அந்தக் கடை நொடித்துப் போக வேண்டும் என்று வேண்டுகிறான். அப்படியே பலிக்கிறது. வீடு கைவிட்டுப் போகும் நிலை வந்ததும் மனசு உறுத்தி, ஊரில் இருக்கும் இடதுகைக்காரர்களை எல்லாம் போன் போட்டுக் கூப்பிட்டுக் கடையை நிரப்புகிறவனும் அவன்தான். ஆக, 94-இல் டிக்கெட் வெறும் சாக்கு. ஒட்டு ஏற்கெனவே இருந்தது. உங்கள் மகன் சொல்லும் குற்ற உணர்ச்சி அந்த எபிசோடுக்குப் பொருந்தும், இதற்கு இல்லை.

*

இடதுகைக்காரன்:

லெஃப்டோரியம் என்றதும் ஓடி வந்தேன். இடது கைக்குத் தோதாக ஒரு கத்திரிக்கோல் கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார், அது தனிக் கதை.

எனக்கு ஹோமர் மேல் சந்தேகமே இல்லை. நாய்க்குட்டி மாதிரி ஆள், சோறு போட்டவர் பின்னால் போவான். சந்தேகம் எல்லாம் ஃப்ளாண்டர்ஸ் மேல்தான். மணிக்கூண்டில் ஏறி நின்று துப்பாக்கியால் சுடுவதுபோல் கனவு காண்கிறார். பதறி எழுந்து மனைவியிடம், ஹோமரை வெறுக்கிறேன் போலிருக்கிறது என்கிறார். எல்லாம் சரி, சம்பந்தப்பட்டவனிடம் மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே! ‘இன்று வேண்டாம் ஹோமர், என் பிள்ளைகளோடு இருக்க வேண்டும்’ என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் எபிசோட் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நல்லவன் என்ற பெயரைக் காப்பாற்ற காரை ஓட்டிக்கொண்டு தப்பிக்கிறார். வெறுப்பை மறைத்துக்கொண்டு சிரிப்பவர்தான் சந்தேகத்துக்குரிய நண்பர்.

*

நள்ளிரவு டீ:

எல்லாரும் ரொம்ப யோசிக்கிறீர்கள். வாராவாரம் ஏதாவது விசித்திரமாக நடக்கும், அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஹோமரின் மகள் லிசாவே அண்ணன் பார்ட்டிடம் சொல்லிவிடுகிறாள். அப்படி ஆகவில்லையே என்று அந்தப் பிள்ளைகள் கவலைப்படும்போது, அடுத்த வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஹோமர் ஃப்ளாண்டர்ஸைத் துரத்திவிடுகிறான். அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் தொடர் ஒளிபரப்பானது வியாழக்கிழமைதான். நட்பைக் கலைத்தது டிவி அட்டவணை. பாத்திரத்தை ஆளுக்குப் பாதியாகக் கழுவுங்கள்.

*

மொட்டைமாடி:

இடதுகைக்காரன் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டில் எதிர்வீட்டு அம்மா தினமும் நாலு மணிக்கு வருவார். முதல் முறை வந்தது எங்கள் கேஸ் சிலிண்டர் தீர்ந்த அன்று, தன் வீட்டு சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு. அதனால் வரவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு மணி என்பது ஆறு மணி வரை போகும். கடைசியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்றே முக்காலுக்கு ஃபேனை நிறுத்தி, செருப்பை உள்ளே எடுத்து வைத்து, மகனை வாயில் விரல் வைத்து உட்காரவைப்பேன். அவன் அப்போது யூகேஜி. அவர் இரண்டு தடவை பெல் அடிப்பார். மூன்றாவது தடவை அடித்ததே இல்லை, போய்விடுவார்.

மகனுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

*

பழைய கேபிள்:

அக்கா, ஒன்று கவனித்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் பதிவில் ஹோமரை ஆரம்பம் முதலே ‘அவன்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஃப்ளாண்டர்ஸ் மட்டும் ‘அவர்’. சர்ச்சில் கத்துகிற இடம் வந்ததும் அவரும் ‘அவன்’ ஆகிவிட்டார். வேண்டுமென்றே செய்ததா?

*

மொட்டைமாடி:

இல்லை, தானாக வந்திருக்கிறது. நீங்கள் சொன்ன பிறகுதான் மேலே போய்ப் பார்த்தேன். கத்துகிற வரைக்கும் அவர் எனக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும் யாரோ ஒருவர். கத்தியதும் நம் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டான். ஹோமருக்கு அவன் முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருப்பான் போல.

இந்தப் பதில்களை மகனிடம் காட்டினேன். வேலி சீன் என்று சொன்னது ஒருவர்கூட இல்லை, அதனால் நான் தோற்றுவிட்டேன் என்கிறான். குற்ற உணர்ச்சி என்று நீ சொன்னதையும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லையே என்றேன். இன்றைக்குக் குக்கரும் கடாயும் அவன் பங்கு, மற்றதெல்லாம் நான். அடிப்பிடித்த பால் பாத்திரம் யாருடையது என்பதில்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.