நான்ஸ்டிக் வாணலியில் பல்லி ஏன் வழுக்குகிறது?

மொட்டைமாடி:
நேற்று ராத்திரி பால் காய்ச்சப் போனால், அடுப்படி மேடையில் இருந்த நான்ஸ்டிக் வாணலிக்குள் ஒரு பல்லி. ட்யூப்லைட் பக்கத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும். நாலு எட்டு ஏறும், சர்ரென்று அடிக்கே வந்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் தலைகீழாக ஓடுகிற ஆசாமி! பதற்றத்தில் துணியால் தட்டப் போக, வால் கழன்று தனியாகத் துள்ளியது. கடைசியில் கரண்டியைச் சாய்த்து வைத்தேன், ஏறி ஓடிவிட்டது. தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்று பஞ்சாங்கத்தில் பலன் இருக்கிறது, வாணலிக்கு இல்லை. ஏன் வழுக்கியது? வால் திரும்ப முளைக்குமா?

விலங்கியல் வாத்தியார்:
பல்லியின் காலில் பசையும் இல்லை, உறிஞ்சும் குழியும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒட்டியிருக்கும்போது உள்ளேயிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் இரண்டு வரிசையாக மடிப்புகள் தெரியும். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள். டோக்கே என்கிற பெரிய பல்லி இனத்துக்கு ஒரு பாதத்தில் மட்டும் சுமார் 5 லட்சம். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிந்திருக்கும். அத்தனை நுனிகளும் சுவரை நெருங்கித் தொடும்போது மூலக்கூறுகளுக்கு இடையே வருகிற ஈர்ப்புதான், வாண்டர்வால்ஸ் விசை, பல்லியைத் தாங்குகிறது. 2000இல் கெல்லர் ஆட்டம் (Kellar Autumn) என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒற்றை இழையின் பிடியையே அளந்துவிட்டார்கள். நான்ஸ்டிக் பூச்சான டெஃப்லானில் இந்த ஈர்ப்பு மிகக் குறைவு. தோசை ஒட்டாத இடத்தில் பல்லியும் ஒட்டாது.

மொட்டைமாடி:
சரி சார், அப்போ வாணலி ஈரமாக இருந்திருந்தால் இன்னும் மோசமா?

விலங்கியல் வாத்தியார்:
அங்கேதான் வேடிக்கை. கண்ணாடி நனைந்தால் பிடி விட்டுப்போகும். டெஃப்லானில் தலைகீழ்: காய்ந்திருப்பதைவிட நனைந்திருந்தால் நன்றாகவே பிடிக்கிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கழுவித் துடைத்துவைத்த உங்கள் சுத்தம்தான் அதற்கு வினை!

தோட்டக்காரி:
வாலைப் பற்றி நான் சொல்கிறேன். முளைக்கும், கவலை வேண்டாம். வால் எலும்புகளின் நடுவிலேயே முறிவதற்கென்று கோடு உண்டு. தசையை இறுக்கி அதுவே முறித்துக்கொள்ளும். புது வாலில் முள்ளெலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான். அதனால் அடுத்த முறை கழற்ற வேண்டுமென்றால் பழைய வால் மிச்சமுள்ள பகுதியில்தான் முடியும். ஆனால் வாலில் சேர்த்துவைத்த கொழுப்பு போச்சு. கொஞ்ச நாள் ட்யூப்லைட்டை அணைக்காமல் விடுங்கள், பூச்சி பிடித்துத் தின்னட்டும்.

மொட்டைமாடி:
மொட்டை வாலோடு இப்போது ட்யூப்லைட் பட்டியில்தான் இருக்கிறது. வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.