பன்றித் தலையை உறைய வைக்கப் போய்... உங்களுக்கும் நடந்ததா?

பாரிஸ் பனங்கொட்டை:
பத்து மாதமாகிறது, இன்னும் மனம் ஆறவில்லை. ஃப்ரோமாஜ் து தெத் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான், பன்றித் தலையை வேகவைத்து அதன் சாற்றிலேயே உறையவைப்பது, பெயரில் மட்டும் பாலாடைக்கட்டி. இறைச்சிக் கடைக்காரர் அரைத் தலையைக் கண்ணும் மூளையும் எடுத்துத்தான் கொடுத்தார். அப்படியும் மனைவி அன்று முழுவதும் குசினிப் பக்கம் வரவில்லை. மேல்மாடி நோர்மண்டி அம்மா சொன்னபடி ஓர் இரவு உப்புநீரில் ஊறப்போட்டேன். கிராம்பு குத்திய வெங்காயம், கரட், மிளகு போட்டு நான்கு மணி நேரம் சிறு தீயில் வைத்தேன். தாடை எலும்பு கையோடு கழன்று வந்தது. நாக்கின் தோலையும் சூட்டோடு உரித்துவிட்டேன்.

இறைச்சியைச் சாற்றோடு அச்சில் ஊற்றி இரவு முழுக்க உறையவிட்டு, மறுநாள் காலை அச்சைத் தட்டில் கவிழ்த்தேன். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ‘தொளக்’. சாறு மேசை விளிம்பால் ஓடி என் செருப்புக்குள் இறங்கியது. காதுத் துண்டு ஒன்று தட்டின் நடுவில் தனியே கிடந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அந்த அம்மா பாண் ஒன்றோடு கதவைத் தட்டினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர் சொன்னதில் நான் எதையும் மாற்றவில்லை. நம் கைமணம் இருக்கட்டும் என்று, இறக்கி ஆறவைத்த பிறகு லா சாப்பல் தமிழ்க் கடைத்தெருவில் வாங்கிய இஞ்சியை இடித்துச் சாறு விட்டேன். தோல் பார்க்க ஒரு மாதிரியாக இருந்ததால் அதில் பாதியை வெட்டி எறிந்தேன். அவ்வளவுதான்.

மலைக்கோட்டை:
தோலை எறிந்துவிட்டு ‘எதையும் மாற்றவில்லை’ என்கிறீர்களே அண்ணா! உறைவதே தோலால்தானே?

எங்கள் வீட்டில் ஆட்டுத் தலைதான். கடையில் வாட்டித்தான் கொடுப்பார்கள், இருந்தாலும் அம்மா மஞ்சள் தடவி இன்னொரு முறை கத்தியால் சுரண்டுவார். முடி பொசுங்கிய அந்த வாடை மதியம் வரை கொல்லையில் நிற்கும். எனக்கு மறக்காதது ஒரு மார்கழிக் காலை. முந்தைய நாள் தலைக்கறிச் சட்டியைத் திறந்தால் குழம்பு கெட்டிப்பட்டு, கரண்டி நட்டு வைத்தது போல நிற்கிறது. கெட்டுப்போய்விட்டது என்று அழுதேவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் அதில் ஒரு கட்டியைப் பெயர்த்து, ஆவி பறக்கும் இட்லியின் மேல் வைத்தார். அது உருகி இட்லிக்குள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. சட்டியை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.

ரசவாதி:
மலைக்கோட்டை அவர்கள் சொல்வது பாதிதான் சரி. பாதித் தோல் போனால் இளகலாக உறையுமே தவிர, செருப்புக்குள் ஓடாது. குற்றவாளி இஞ்சி. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. கொதித்தால் செத்துவிடும். நீங்களோ ஆறிய பிறகு விட்டிருக்கிறீர்கள், இரவெல்லாம் அது சாற்றை உறையவைக்கும் புரதமான ஜெலட்டினைத் தின்றிருக்கிறது. பச்சை அன்னாசியும் பப்பாளியும் இதே வேலையைத்தான் செய்யும். வேடிக்கை என்னவென்றால், சீனாவின் குவாங்டோங்கில் இதே இஞ்சிச் சாற்றின் மேல் சூடான பாலை ஊற்றிப் பாலை உறைய வைக்கிறார்கள். ஒரே நொதி, அங்கே கட்டுகிறது, இங்கே அவிழ்க்கிறது.

அடுத்த முறை இரண்டு பன்றிக்கால் சேருங்கள். தண்ணீர் தலை முழுகும் அளவுக்கு மேல் வேண்டாம். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு கலந்து சாறு கலங்கிப்போகும். எலும்பை எடுத்தபின் சாற்றை வடிகட்டிப் பாதியாக வற்றவையுங்கள். அச்சில் ஊற்றுமுன் ஒரு கரண்டிச் சாற்றைக் குளிர்ந்த தட்டில் விட்டு ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வையுங்கள். விரலால் தள்ளும்போது சுருங்கினால் சரி, ஓடினால் இன்னும் வற்றட்டும். உப்பும் புளிப்பும் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும், குளிர்ந்தால் சுவை மங்கும். குக்கரில் வைப்பவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

என் அனுபவம்: மகளின் பிறந்தநாளுக்குப் பச்சை அன்னாசி போட்டு ஜெல்லி செய்தேன். குழந்தைகள் உறிஞ்சிக் குடித்தார்கள்.

மலைக்கோட்டை:
இஞ்சி இல்லாமலா நாங்கள் தலைக்கறி வைக்கிறோம்? உறையத்தானே செய்தது?

ரசவாதி:
வதக்கிக் கொதிக்கவைத்த இஞ்சி அது. மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

ஒற்றன்:
பிரான்சில் ஜனவரி 21 அன்று சிலர் தலை தின்பார்கள், 1793இல் பதினாறாம் லூயியின் தலையை வெட்டிய நாள். நீங்கள் சமைத்தது அன்றா?

பாரிஸ் பனங்கொட்டை:
இல்லை ஐயா. அந்த விருந்துக்குக் கன்றுக்குட்டித் தலை. என்னுடையது பன்றி.

சைகோன் மருமகள்:
இங்கே வியட்நாமில் தெத் என்னும் புத்தாண்டுக்கு இதையே யோ து என்று செய்கிறார்கள். சாறே கிடையாது. காதையும் மூக்கையும் சீவி, மரக்காது காளானும் முழு மிளகும் மீன்சாறும் போட்டு வதக்கி, சூட்டோடு வாழையிலையில் இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் வருடம் நான் கட்டியதை மாமியார் தூக்கிப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. அவிழ்த்து, முழங்காலை ஊன்றி மறுபடி அவரே கட்டினார். மூன்று வருடமாக நான் கட்டியதை அவர் அவிழ்க்கத்தான் செய்கிறார். ரசவாதி அண்ணா, இதற்கு ஏதாவது நொதி இருக்கிறதா?

பாரிஸ் பனங்கொட்டை:
சனிக்கிழமைக்கு அரைத் தலையும் இரண்டு காலும் சொல்லி வைத்துவிட்டேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.