வேலிக்கு மூவிலை எலுமிச்சை: கடலூரில் வருமா?

மஞ்சக்குப்பம் செல்வி:
வீட்டுக்குப் பின்னால் 40 அடிக்கு மதில் இல்லை. ஆடு புகுந்து வெண்டையைக் கடித்துவிட்டுப் போகிறது. முள்கம்பி போட மனசு வரவில்லை. கொரியாவில் இருக்கும் தம்பி, அங்கே வேலியாக வளர்க்கும் ஒரு எலுமிச்சைச் செடியின் படம் அனுப்பினான். மூன்று மூன்றாக இலை, விரல் நீள முள், மஞ்சள் காய். "பனியிலேயே சாகாத செடி, நம்ம ஊர்ல வளராதா?" என்கிறான். விதை கொண்டுவரச் சொல்லட்டுமா? எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு.

வீராம்பட்டினம் ரவி:
அக்கா, வேண்டாம். அந்தச் செடியை நான் மூன்று வருஷம் வளர்த்தவன். ஒட்டு ஆரஞ்சுக் கன்று ஒன்று வாங்கினேன். மேல் ஒட்டு பட்டுப்போய், அடியிலிருந்து மூவிலையும் முள்ளுமாகத் துளிர்த்தது. வேரழுகல் நோயைத் தாங்கும் என்பதால் ஒட்டுக்கு அடிச்செடியாக அதை வைப்பார்கள். ஆசையாக விட்டுவைத்தேன். அதன் உறுதியெல்லாம் குளிருக்குத்தான், அக்கா. மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும். உப்புக்கும் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் தாங்காது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை முழுக்க வெளிறிவிட்டது. இரும்புச் சத்துக் கரைசல் தெளித்தால் ஒரு மாதம் தேறும், பிறகு பழையபடி. குளிர்நாட்டில் இலை உதிர்ந்து, வெறுங்கிளையில் வெள்ளையாகப் பூக்குமாம். என் செடி ஒரு பூகூடப் பூக்கவில்லை. மூன்றாவது வருஷக் கத்திரி வெயிலில் கருகிவிட்டது.

விதையை அனுமதிச் சீட்டு இல்லாமல் பெட்டியில் போட்டுக் கொண்டுவரவும் கூடாது.

திருவந்திபுரம் பெரியவர்:
அம்மா, நம்ம மண்ணுக்கே ஒரு முள் எலுமிச்சை இருக்கிறதே! குருந்து. காட்டு எலுமிச்சை என்றும் சொல்வோம். மாணிக்கவாசகருக்குக் குரு கிடைத்தது ஆவுடையார்கோயிலில் இந்த மரத்தடியில்தான். புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் போய்ப் பாருங்கள், கடற்காற்றிலும் கரும்பச்சையாக நிற்கும். பூவில் நல்ல வாசம். கோலிக்குண்டு போலக் காய், ஊறுகாய் போடலாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்னும், மருந்து அடிக்காதீர்கள்.

ஆனால் மெதுவாகத்தான் வளரும். அதனால் வெளிப்பக்கம் கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நெருக்கி ஊன்றுங்கள், ஆட்டை அது தடுக்கும். உள்பக்கம் குருந்து. விதை காய்ந்தால் முளைக்காது, பழுத்த கையோடு போடுங்கள். கோயில் காட்டில் மட்டும் எதையும் பறிக்க வேண்டாம். ஆரோவில் பக்க நாற்றுப்பண்ணைகளில் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் செல்வி:
தம்பியிடம் சொல்லிவிட்டேன், ஐயா. இரண்டடிக்கு ஒன்று வைத்தால் 20 கன்று போதுமா?

திருவந்திபுரம் பெரியவர்:
ஒரு வரிசைக்குப் போதும். நான்கைந்து கூடுதலாக வாங்குங்கள், பட்டுப்போன இடத்தில் வைக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னே குழி எடுத்துவிடுங்கள்.