‘நீர் டிராகன்’ வேண்டாம், ‘நீரோணான்’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘வாட்டர் டிராகன்’ (நீர் டிராகன்) எனப்படும், ஃபிசிக்னாத்தஸ் கொச்சின்சினஸ் என்ற ஓணான் வகை விலங்குக்குத் தமிழில் பெயர் வேண்டும். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம், தென்சீனம் ஆகிய இடங்களின் காட்டோடைக் கரைகளில் வாழ்வது. ஆண் 90 செ.மீ. வரை வளரும்; அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வால்தான்.

‘நீர் உடும்பு’ என்றால் இனமே மாறிவிடும். இலங்கை ஆறு குளங்களில் திரியும் பெரிய உடும்புக்கே அந்தப் பெயர் தகும். உடும்பின் நாக்கு பாம்பினுடையதுபோல் பிளவுபட்டிருக்கும். இதன் நாக்கோ தடித்துச் சதைப்பற்றானது. பக்கப் பற்கள் தாடை விளிம்போடு ஒட்டியிருக்கும். தேய்ந்தால் மறுபடி முளைக்காது. நம் வேலி ஓணானுக்கும் இதே அமைப்புதான், குடும்பமும் ஒன்றே. ஆகவே ‘நீரோணான்’ என்று முன்மொழிகிறேன்.

——

ஐயா, ‘ஓணான்’ என்ற அடிச்சொல் சரியானது. ஆனால் கொங்குநாட்டில் ஒடக்கான், வேறு ஊர்களில் ஓந்தான், ஓந்தி. பொதுச்சொல் தேவையென்றால் இலக்கியத்தில் ‘ஓதி’ இருக்கிறதே. குறுந்தொகை 140ஆம் பாட்டு ‘வேதின வெரிநின் ஓதி’ என்கிறது. பல்லுள்ள அரிவாள் போன்ற முதுகுடைய ஓணான் என்று பொருள். இவ்விலங்குக்கும் பிடரியிலிருந்து வால்வரை முள்வரிசை ஓடுகிறது. ‘நீரோதி’ எனலாமே? ‘அரைநீர்வாழ் மரவாழ் ஓதி’ என்று விளக்கமும் தந்துவிடலாம்.

——

அம்மா, ‘ஓதி’ அழகான சொல்தான். ஆனால் அதற்குக் கூந்தல் என்ற பொருளும் உண்டு, ஓதுபவர் என்ற பொருளும் உண்டு. பள்ளி மாணவர் ‘நீரோதி’ என்று படித்தால் ஓணான் நினைவுக்கு வராது. முதுகு முள்வரிசைக்கு ‘வேதினம்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். அந்த உறுப்புக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லாத குறை தீரும்.

‘அரைநீர்வாழ்’ என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. பாதி நாளை நீரில் கழிக்கும் விலங்கு என்று அது பொருள்படுகிறது. இவ்விலங்கு பகலில் ஓடையின்மேல் நீண்ட கிளையில் வெயில் காயும். இரவில் அங்கேயே உறங்கும். ஆபத்து தெரிந்தால் கிளையிலிருந்து நீரில் விழும். கால்களை உடலோடு ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் தட்டையான வாலை அசைத்து நீந்தும், மூழ்கியும் கிடக்கும். முட்டையிடக் கரை மணலைத் தோண்டும். நீர் இதற்குத் தப்பும் வழி, வாழிடம் கரைமரம்.

இந்த வேறுபாடு காட்சிக்கூடங்களுக்கு முக்கியம். ‘அரைநீர்வாழ்’ என்ற குறிப்பை நம்பித் தாழ்வான தொட்டியில் பாதி நீர் நிரப்பினால் ஏறக் கிளையின்றி விலங்கு தவிக்கும். கூண்டின் உயரம் 5 முதல் 6 அடி வேண்டும். வெயில்காயும் கிளையருகே 32–35 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 விழுக்காடு அளவில். புறஊதா-பி விளக்கு இல்லையென்றால் டி3 வைட்டமின் உருவாகாமல் எலும்பு வலுவிழக்கும். நீர்த்தொட்டி உடல் முழுதும் அமிழுமளவு இருக்கட்டும். ஆனால் நீரிலேயே கழிவிடும் பழக்கம் உள்ளதால் அன்றாடம் மாற்றியாக வேண்டும். கண்ணாடி ஒரு தடை என்பதும் இதற்குப் புரியாது. திரும்பத் திரும்ப முட்டி மூக்கு நுனி புண்ணாகும், புண் சீழ்பிடித்துத் தாடைவரை போகும். கண்ணாடியின் கீழ்ப்பகுதியை உள்ளிருந்து பார்வைக்கு மறைப்பது நல்லது.

ஆகவே வாழ்முறைக்கு ‘கரைமரவாழி’ என்று வைப்போம்.

——

‘நீரோணான்’, ‘வேதினம்’, ‘கரைமரவாழி’ மூன்றுக்கும் என் ஒப்புதல். எல்லையையும் இப்போதே வகுத்துவிடுவோம். ஆஸ்திரேலியாவின் இன்டெல்லகாமா லெசூரியை முன்பு இதே ஃபிசிக்னாத்தஸ் பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். அதை ‘ஆஸ்திரேலிய நீரோணான்’ எனலாம். பிலிப்பைன்சின் ஹைட்ரோசாரஸ் பஸ்டுலாட்டஸும் ஓணான் குடும்பமே. அதன் வாலடியில் முள்ளெலும்பு நீட்சிகள் தாங்கும் தோல்பாய் நிமிர்ந்து நிற்பதால் ‘பாய்வால் நீரோணான்’.

நடு அமெரிக்காவின் பசிலிஸ்க் என்ற பல்லியினத்தை இதில் சேர்க்கக் கூடாது. அதுவும் கரைமரவாழி, கிளையிலிருந்து குதித்து, விரலோரச் செதில்களால் நீரை அறைந்து, பாதத்தைச் சுற்றி உண்டாகும் காற்றுக்குழி மூடுமுன் காலை உருவிக்கொண்டு நீர்மேலேயே ஓடும். பழக்கம் ஒத்திருந்தாலும் குடும்பம் வேறு, பல்லமைப்பும் வேறு. ‘பசிலிஸ்க்’ என்றே இருக்கட்டும்.

நம் பதிவில் முதலில் பெயர் தேடிய ஃபிசிக்னாத்தஸ் கொச்சின்சினஸை ‘இந்தோசீன நீரோணான்’ என்று இடுங்கள். ‘சீன நீரோணான்’ என்றால் அதன் பரப்பில் பெரும்பகுதியான வியட்நாமும் லாவோசும் விடுபடும். 2022 பனாமா மாநாட்டில், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்ட இனம் என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.