மேல் இமை மடிந்து தொங்குகிறது: புருவத்தைத் தூக்குவதா, இமைத் தோலை எடுப்பதா?

நிலாமுற்றம் கேட்டது:
அம்மாவுக்கு வயது 58. மேல் இமைத் தோல் மடிந்து இமைமயிர் மேல் உட்கார்ந்துவிட்டது, வெளி ஓரத்தில் இன்னும் அதிகம். நெற்றியைச் சுருக்கித்தான் பேப்பர் படிக்கிறார். சாயங்காலமானால் நெற்றி வலி. ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், எண்டோஸ்கோப் (சிறு வெட்டு வழியாக நுழைக்கும் கேமராக் குழாய்) வைத்துப் புருவத்தைத் தூக்கலாம் என்கிறார். கண் மருத்துவமனையில் இமைத் தோலை எடுத்தாலே போதும் என்கிறார்கள். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தினமும் ஈகோஸ்பிரின் 75 (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் மாத்திரை) போடுகிறார்.

நம்பர்15பிளேடு:
நெற்றியைச் சுருக்கிப் படிக்கிறார் என்றீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நெற்றித் தசை புருவத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது எடுத்த அளவு எதுவும் செல்லாது. அம்மாவைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, கண்ணை மூடி நெற்றியைத் தளரவிடச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, புருவத்துக்கு மேலே கட்டைவிரலை வைத்து நெற்றி அசையாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். இப்போது புருவம் எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் நிஜமான இடம். பெண்களுக்குக் கண்குழி எலும்பின் விளிம்புக்குச் சற்று மேலே, ஆண்களுக்கு விளிம்பை ஒட்டியே இருப்பது வழக்கம்.

அடுத்து, புருவத்தை விரலால் அந்த வழக்கமான இடத்துக்கு உயர்த்திப் பாருங்கள். மடிப்பு மறைந்தால் குற்றம் புருவத்தின் மேல். மறையாவிட்டால் இமைத் தோல் மேல். பாதி குறைந்தால் இரண்டும். மடிப்பு கண்ணின் வெளி முனையைத் தாண்டி நெற்றிப்பொட்டுப் பக்கம் ஓடினால், புருவத்தின் வால் பகுதி இறங்கியிருக்கிறது என்று பொருள். அதை இமை வழியாகச் சரிசெய்யப் போனால் வெட்டை வெளியே நீட்ட வேண்டிவரும். அங்கே தோல் தடிப்பு, தழும்பு தெரியும்.

இமையை மட்டும் செய்வதில் உள்ள சிக்கல் இது: தோல் போனதும் நெற்றித் தசைக்குத் தூக்க வேலை இல்லை. சில வாரங்களில் புருவம் இறங்கும், மடிப்பு திரும்ப வரும். 'டாக்டர் குறைவாக எடுத்துவிட்டார்' என்று இன்னொருவரிடம் போய் இன்னும் எடுத்தால் கண் முழுதாக மூடாது, கருவிழி காயும். இமைமயிர் ஓரத்திலிருந்து புருவத்தின் கீழ் விளிம்பு வரை குறைந்தது 20 மி.மீ. தோல் மிஞ்ச வேண்டும். இரண்டும் தேவைப்பட்டால் முதலில் புருவத்தைத் தூக்கிப் பொருத்திவிட்டு, அதன் பிறகு இமையை அளப்பதுதான் முறை.

நெற்றியில் சுருக்கம் போக்கும் போடாக்ஸ் ஊசி போட்டிருந்தால் நான்கு மாதமாவது கழித்து அளக்கவும்.

இமையோரம்:
மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் புருவம் இறங்கியிருக்கிறது என்றதும் எண்டோஸ்கோப்புக்குத் தாவ வேண்டியதில்லை. முதலில் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். அப்போதே புருவம் தாழ்வாக இருந்திருந்தால் தூக்குவது தேவையில்லாத வேலை. எப்போதும் திடுக்கிட்டுப் பார்ப்பது போன்ற முகம்தான் மிஞ்சும்.

எண்டோஸ்கோப் முறையில் முடிக்குள் ஒன்றிரண்டு செ.மீ. அளவில் மூன்று முதல் ஐந்து வெட்டுகள். முடிக்கோடு இன்னும் பின்னால் போகும் என்பதால் ஏற்கெனவே நெற்றி உயரமாக உள்ளவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு முடிக்கோட்டை ஒட்டி வெட்டுவார்கள். உச்சந்தலை சில மாதம் மரத்துப்போய் அரிக்கும். நெற்றியின் பக்கவாட்டில் ஓடும் முகநரம்புக் கிளை இழுபட்டால் அந்தப் பக்கப் புருவம் தூக்க வராது. பெரும்பாலும் தானே திரும்பிவிடும். புருவத்துக்கு நேர் மேலே வெட்டினால் நன்றாக உயரும், ஆனால் நம் தோலில் தழும்பு கறுக்கும். முகவாதம் வந்தவர்களுக்கும் நெற்றிச் சுருக்கம் ஆழமாக உள்ள ஆண்களுக்கும்தான் அது. குறைவாக இறங்கியிருந்தால், இமை வெட்டு வழியாகவே புருவத்தின் அடித்திசுவை எலும்பு உறையோடு தைத்து நிறுத்தலாம். ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தூக்குவதைவிட மேலும் இறங்காமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை.

அம்மாவைப் பார்த்த இரண்டு டாக்டர்களுமே விட்டிருக்கக்கூடியது ஒன்று: இமை விளிம்பே தாழ்ந்திருக்கிறதா? மடிப்பை மெல்லத் தூக்கிவிட்டு, டார்ச் வெளிச்சம் கருவிழியில் விழும் புள்ளிக்கும் மேல் இமை விளிம்புக்கும் இடைவெளி பார்க்க வேண்டும். 4 முதல் 5 மி.மீ. இயல்பு. 2 அல்லது அதற்கும் கீழே என்றால் அது டோசிஸ், அதாவது இமையே சரிந்திருப்பது. இமையைத் தூக்கும் தசையைச் சரிசெய்யாமல் தோலை எடுத்தாலும் புருவத்தைத் தூக்கினாலும் பார்வை திறக்காது. சாயங்கால வலி நெற்றித் தசை களைத்ததால் இருக்கலாம். ஆனால் சாயங்காலம் இமையே கூடுதலாக இறங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, மயஸ்தீனியா (தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் நோய்) இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கத்தி. மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்ததும் விளிம்பு 2 மி.மீ. உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும்.

தியேட்டர்சிஸ்டர்:
ஈகோஸ்பிரினை நீங்களாக நிறுத்திடாதீங்க. ஸ்டென்ட், பக்கவாதம் ஏதாவது இருந்து கொடுத்த மாத்திரையான்னு எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அவர் சரின்னா மட்டும் வழக்கமா ஏழு நாள் முன்னாடி நிறுத்துவாங்க. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ கேப்ஸ்யூலையும் சொல்லிடுங்க, அதுவும் ரத்தக் கசிவைக் கூட்டலாம். கண் வறட்சி டெஸ்ட் கட்டாயம் கேளுங்க: இமைக்குள்ள காகிதப் பட்டை அஞ்சு நிமிஷம், 5 மி.மீ.க்குக் கீழே நனைஞ்சா தோலை ரொம்பக் கவனமா எடுக்கணும்.

இமை மட்டும்னா லோக்கல் ஊசிதான், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம், அஞ்சாறு நாள்ல தையல் பிரிப்பாங்க. முதல் ரெண்டு நாள் குளிர் ஒத்தடம், தலைக்கு ரெண்டு தலையணை. குனிஞ்சு கோலம் போடுறது, குடம் தூக்குறது ரெண்டு வாரத்துக்கு வேண்டாம். ரத்தக்கட்டு மறைய ரெண்டு வாரம் ஆகும். புருவம் தூக்குனா மயக்க மருந்து, வீக்கமும் கூட.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கண் மட்டும் வெடிக்கிற மாதிரி வலிச்சு, முன்னால தள்ளி, பார்வை மங்கினா வலி மாத்திரை போட்டுட்டு காத்திருக்காதீங்க. கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் தேங்குது. ராத்திரியானாலும் உடனே ஓடணும், தையலைத் திறந்து அழுத்தத்தை விடணும். ஒன்றரை மணி நேரம் தாண்டினா பார்வை திரும்பாமலே போகலாம். ஆபரேஷன் ஆன முதல் நாள்தான் இதுக்கு அதிகம் பயப்படணும்.

நிலாமுற்றம்:
விரல் வைத்துப் பார்த்தோம், மடிப்பு பாதிதான் குறைந்தது. வெளி ஓரம்தான் நன்றாகத் தெளிந்தது. இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

இமையோரம்:
அப்படியானால் புருவத்தின் வால் பகுதியை மட்டும் உயர்த்தி, மிஞ்சும் இமைத் தோலை எடுப்பது பற்றிக் கேளுங்கள். முழு நெற்றியையும் தொட வேண்டியிருக்காது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் கண் பிளாஸ்டிக் சர்ஜனிடம் மூன்றாவது கருத்து வாங்கலாம். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இரண்டிலும் அதற்கெனத் தனிப் பிரிவு உண்டு.

இன்ஷூரன்ஸில் அழகு சிகிச்சைக்கான விலக்கு எக்ஸ்க்ளூஷன் 08 என்ற எண்ணில் எல்லா பாலிசியிலும் வரும். அதைத் தாண்டுவது சுலபமில்லை. பார்வை மறைவதைக் காட்ட, இமையை அப்படியே விட்டு ஒரு முறையும் டேப் போட்டுத் தூக்கி ஒரு முறையும் பார்வைப்புல டெஸ்ட் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்ற சோதனை) எடுத்து, நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த போட்டோ, டாக்டர் சான்றோடு முன் அனுமதிக்கு அனுப்புங்கள். இமைக்குச் சில சமயம் ஒத்துக்கொள்வார்கள். புருவத்துக்குச் சொந்தப் பணம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.