அவசரம்: ட்ரெயிலரில் ஏசி மதியம் நின்றுவிடுகிறது, நாய்கள் உள்ளே இருக்கின்றன

சக்கரவீடு (திங்கள், மதியம் 2.40)

வணக்கம். நாங்கள் குடியிருக்கும் ட்ரெயிலரில் (வண்டியில் கட்டி இழுத்துச் செல்லும் வீடு) நேற்றும் இன்றும் மதியத்தில் ஏசி தானாக நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஓடுகிறது, பிறகு மறுபடியும் நிற்கிறது. புதன்கிழமை நானும் மனைவியும் மூன்று மணி நேரம் வெளியே போயே ஆக வேண்டும். நாய்கள் இரண்டையும் உள்ளே விட்டுத்தான் போக வேண்டும். பக்கத்து ட்ரெயிலர்காரர் வந்து பார்த்துவிட்டு, ஏசியைக் கழற்றிப் புதிதாகப் போடச் சொல்கிறார். 1500 டாலர் ஆகுமாம். மாற்றிவிடலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கொலராடோ கிழவர் (2.52)

எந்த ஊரில் இருக்கிறீர்கள்? ஆர்வி பார்க்கா (ட்ரெயிலர்கள் கட்டணத்துக்குத் தங்கும் இடம்), காட்டில் ஜெனரேட்டரா? கரண்ட் இணைப்பு 30 ஆம்பா, 50 ஆம்பா? ட்ரெயிலருக்கு எத்தனை வயது? பிரேக்கர் விழுகிறதா? இவை ஒன்றும் தெரியாமல் யார் என்ன சொல்ல முடியும்?

மேற்கூரை மாணிக்கம் (3.05)

ஏசி மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டர்தான். சந்தேகமே வேண்டாம். என்னுடையதும் இப்படித்தான் மதிய வெயிலில் முனகி முனகி நின்றது. இருபது முப்பது டாலர் பொருள். கூரை மேல் ஏறி மூடியைக் கழற்றினால் உருளையாகத் தெரியும், தலை உப்பியிருக்கும். கரண்டைத் துண்டித்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், வெறும் கையால் தொட்டுவிடாதீர்கள். ஏசியை மாற்றச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

தென்றல்_டெக்சஸ் (3.11)

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நின்று, சிறிது நேரம் கழித்து ஓடுகிறது என்றால் உள்ளே ஐஸ் கட்டுகிறது. நாய் வளர்ப்பவர்கள் வீட்டில் இது சாதாரணம். வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், ரோமம் கம்பளி போல அப்பியிருக்கும். காற்று போகாவிட்டால் சுருள் உறைந்துவிடும். நான் பத்து நாளைக்கு ஒருமுறை கழுவுகிறேன்.

பழைய வயர்மேன் (3.30)

மன்றத்தின் இந்தப் பகுதியில் எட்டு வருடமாக எழுதுகிறேன். ஏசி பற்றிய கேள்விகளில் பாதிக்கு மேல் கடைசியில் கரண்ட் பிரச்சினையாகத்தான் முடிந்திருக்கின்றன. ஆனாலும் வோல்டேஜ் எவ்வளவு என்று ஒருவர்கூட முதல் வரியில் எழுதுவதில்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் மருந்து கேட்பது போல் இருக்கிறது. கேட்பவர்தான் எழுதவில்லை, சொல்பவர்களும் கேட்காமல் கெபாசிட்டர், ஐஸ் என்று தொடங்கிவிடுகிறீர்கள். மேலே ஒட்டியிருக்கும் "கேட்பதற்கு முன்" என்ற பதிவைப் படித்துவிட்டு வாருங்கள்.

சக்கரவீடு (4.15)

மன்னிக்க வேண்டும். பதற்றத்தில் எழுதிவிட்டேன். அரிசோனா, டூசானுக்குக் கிழக்கே பென்சன் பக்கம் ஓர் ஆர்வி பார்க். 26 அடி ட்ரெயிலர், 2014. 30 ஆம்ப். இன்று வெளியே 98 டிகிரி. பிரேக்கர் விழவில்லை. விளக்குகள், மின்விசிறி எல்லாம் நன்றாக எரிகின்றன, ஓடுகின்றன. ஏசி மட்டும்தான் நிற்கிறது. வடிகட்டி சுத்தமாக இருக்கிறது, போன வாரம்தான் கழுவினேன்.

ஏப்ரலிலேயே மலைமேல் குளிர்ச்சியான ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஏறியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். மனைவிக்குக் கண்புரை அறுவை டூசானில் நடந்தது. புதன்கிழமை மருத்துவர் பார்த்துக் கண்மணியை விரிக்கும் மருந்து போடுவார் என்பதால் அவள் வண்டி ஓட்ட முடியாது, நான்தான் போக வேண்டும். கறுப்பன் 12 வயது லாப்ரடார். செல்வி பீகிள், 5 வயது.

பழைய வயர்மேன் (4.24)

இப்போது பேசலாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஏசி நின்ற பிறகு மைக்ரோவேவில் கடிகாரம் என்ன காட்டுகிறது? சரியான நேரமா, இல்லை அழிந்து மின்னுகிறதா?

சக்கரவீடு (4.31)

மின்னுகிறது. இரண்டு நாளாக அப்படித்தான். அது வேறு கோளாறு என்று நினைத்தேன்.

பழைய வயர்மேன் (4.50)

அதுதான். உங்கள் ஏசியில் கோளாறு இல்லை. ட்ரெயிலர் முழுவதற்கும் 120 வோல்ட் துண்டிக்கப்படுகிறது. விளக்கும் விசிறியும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை, அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. தளத்தின் மின்பெட்டியில் சர்ஜ் ப்ரொடெக்டர் (காப்புப் பெட்டி) ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? அதில் என்ன எழுத்து ஓடுகிறது?

சக்கரவீடு (5.02)

ஆம், மஞ்சள் நிறத்தில் ஒன்று மாட்டியிருக்கிறேன். காலையில் 119 காட்டியது. மதியம் நின்றபோது ஈ4 என்று வந்தது. மாடல் எண் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய வயர்மேன் (5.20)

என்னிடம் இருப்பதில் ஈ4 என்றால் வோல்டேஜ் குறைவு. உங்களுடையதன் கையேட்டிலும் பார்த்துவிடுங்கள். இந்த வகைப் பெட்டி 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் கரண்டை வெட்டிவிடும். வெட்டியதும் சுமை இல்லாததால் வோல்டேஜ் ஏறும். 2 நிமிடம் 16 வினாடி காத்திருந்து மறுபடி இணைக்கும். ஏசி ஓடத் தொடங்கும், வோல்டேஜ் விழும், மறுபடி வெட்டும். நீங்கள் சொல்லும் "தானாக ஓடுகிறது, தானாக நிற்கிறது" இதுதான். அந்தப் பெட்டிதான் இரண்டு நாளாக உங்கள் கம்ப்ரஸரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. குறைந்த வோல்டேஜில் ஓடினால் மோட்டார் அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகிச் சாகும். சிலர் எரிச்சலில் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு நேராகச் செருகுவார்கள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

இனி உங்கள் வேலை. முதலில், வெந்நீர்க் கலம் கரண்டில் ஓடுகிறதா, கேஸில் ஓடுகிறதா? 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3600 வாட். ஏசிக்கு 13, 14 ஆம்ப் போய்விடும். வெந்நீர் கரண்டில் இருந்தால் அது தனியாக 12 ஆம்ப். அதையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றுங்கள். அடுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒருமுறை, ஏசியை மட்டும் ஓடவிட்டு ஒருமுறை வோல்டேஜைக் குறித்து இங்கே எழுதுங்கள். பிறகு மின்பெட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கை உருவி, அதன் பித்தளைத் தகடுகளைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் சாக்கெட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

மேற்கூரை மாணிக்கம் (5.41)

கெபாசிட்டர் பலவீனமாக இருந்தாலும் கம்ப்ரஸர் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும், அதனாலும் வோல்டேஜ் விழலாம். அதையும் பார்த்துவிடுவது நல்லது என்பதே என் கருத்து.

ஒஹாயோ சேகர் (6.10)

இதற்கெல்லாம் ஒரே தீர்வு ஆட்டோஃபார்மர். வோல்டேஜ் குறைந்தால் பத்து சதவீதம் தூக்கிக் கொடுக்கும். நாங்கள் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. பழைய பார்க்குகளில்கூட ஏசி நின்றதில்லை.

கொலராடோ கிழவர் (6.22)

பத்து சதவீதம் வானத்திலிருந்து வருவதில்லை. இந்தப் பக்கம் வோல்டேஜைத் தூக்கினால் அந்தப் பக்கம் ஆம்ப் கூடும். அதே வரிசையில் பின்னால் இருப்பவருக்கு வோல்டேஜ் இன்னும் விழும். உங்கள் நாய்க்குக் குளிர்ச்சி, அடுத்தவர் நாய்க்கு வெப்பம்.

ஒஹாயோ சேகர் (6.30)

அண்டை வீட்டுக்காரரிடமிருந்து திருடுகிறேன் என்கிறீர்களா? நான் 30 ஆம்புக்குப் பணம் கட்டுகிறேன், 30 ஆம்புக்கு மேல் ஒரு துளி எடுப்பதில்லை. பார்க் நடத்துபவர் கம்பியைச் சரியாகப் போடாததற்கு நான் எப்படிப் பொறுப்பு?

பழைய வயர்மேன் (6.48)

இருவரும் ஒரு விஷயத்தை மறக்கிறீர்கள். கோளாறு சாக்கெட்டில் இருந்தால், அதன் வழியாகக் கூடுதல் ஆம்பை இழுப்பது சூட்டைக் கூட்டும், பிளக் உருகும். காரணம் தெரிவதற்கு முன் ஆட்டோஃபார்மர் வாங்கச் சொல்லாதீர்கள்.

மூன்று நாய் அம்மா (7.15)

நான் வேறொன்று சொல்ல வேண்டும். வோல்டேஜ் சரியானாலும் 98 டிகிரியில் ஒரு பிளக்கை நம்பி நாய்களை விட்டுப் போகாதீர்கள் சார். எங்கள் சீசரை நியூ மெக்சிகோவில் இப்படி விட்டுவிட்டுச் சாமான் வாங்கப் போனோம். திரும்பும்போது பார்க் முழுவதும் கரண்ட் இல்லை. கதவைத் திறந்தபோது அவன் குளியலறைத் தரையில், வடிகால் மூடி மேல் வாயை வைத்துப் படுத்திருந்தான். பிழைத்துக்கொண்டான். நான் அந்த நாளிலிருந்து விட்டதில்லை.

தென்றல்_டெக்சஸ் (7.31)

அம்மா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் சாலையில் வாழ்கிறவர்கள் விடாமல் எப்படி இருப்பது? யெல்லோஸ்டோனில் மரப்பாலப் பாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. கிராண்ட் கேன்யனில் விளிம்புக்குக் கீழே இறங்க முடியாது. மருத்துவமனைக்குள் விடுவார்களா? காரில் விடுவதைவிட ட்ரெயிலர் ஆயிரம் மடங்கு மேல். வெப்பத்தைப் பார்த்துப் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறது. நாங்கள் அதை வைத்துத்தான் போகிறோம்.

மூன்று நாய் அம்மா (7.40)

செய்தி வந்து என்ன பயன்? டூசானிலிருந்து பென்சனுக்கு முக்கால் மணி நேரம். கண்ணில் மருந்து போட்ட மனைவியைப் பாதியில் எழுப்பிக்கொண்டு ஓடி வருவாரா?

கொலராடோ கிழவர் (7.52)

கருவி வாங்கினால் தனி சிம் உள்ளதாக வாங்க வேண்டும். வைஃபை வழியாக வேலை செய்வது, கரண்ட் போனதும் ரூட்டரோடு சேர்ந்து ஊமையாகிவிடும். செய்தி வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில்தான் அது வராது.

கால்நடைப் பணிமகள் (8.20)

முப்பது வருடம் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவள். அண்ணா, கறுப்பனின் குரல் சமீபத்தில் மாறியிருக்கிறதா? குரைப்பு கரகரப்பாக இருக்கிறதா? மூச்சு வாங்கும்போது சத்தம் வருகிறதா?

சக்கரவீடு (8.44)

ஆமாம். போன குளிர்காலத்திலிருந்து குரைப்பு உடைந்த மாதிரி இருக்கிறது. வயதாகிவிட்டது என்று நினைத்தோம். நடந்து வந்தால் ரம்பம் இழுப்பது போல் மூச்சு. ஏன் கேட்கிறீர்கள் அம்மா?

கால்நடைப் பணிமகள் (9.03)

வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளைத் தசை செயலிழப்பது அதிகம். மூச்சு இழுக்கும்போது குரல்வளை முழுவதும் திறப்பதில்லை. நாய் நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர முடியாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வழி குறுகினால் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. இரைக்க இரைக்கக் குரல்வளை வீங்கும். இது அவனுக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கும் வரை இருக்கிறது என்றே நடந்துகொள்ளுங்கள். செல்வி தாங்கும் வெப்பத்தைக் கறுப்பன் தாங்க மாட்டான். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள். புதன்கிழமை அவனோடு ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

ஒஹாயோ சேகர் (9.15)

ஆட்டோஃபார்மர் பற்றி ஒரே ஒரு விளக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மேலே "திருட்டு" என்ற தொனியில் எழுதப்பட்டதால் இது அவசியம். பின்னால் இருப்பவருக்கு வோல்டேஜ் குறைவது, ஏசியைக் கூடுதலாக ஒன்று ஓட்டினாலும் நடக்கும். அதற்காக யாரும் ஏசி ஓட்டாமல் இருக்கிறார்களா?

கொலராடோ கிழவர் (9.28)

திருட்டு என்ற சொல்லை நான் எழுதவில்லை, நீங்கள்தான் எழுதினீர்கள். மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

பழைய வயர்மேன் (9.35)

தனி இழை தொடங்குங்கள். சக்கரவீடு, நாளை மதியம் எண்கள் வேண்டும்.

சக்கரவீடு (செவ்வாய், மதியம் 1.50)

எல்லாம் அணைத்தபோது 113. ஏசியும் வெந்நீரும் ஓடும்போது 103, வெட்டிவிட்டது. வெந்நீர் கரண்டில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். ஏசி மட்டும் ஓடும்போது 108, நிற்கவில்லை. இப்போது பிளக்கைப் பார்க்கப் போகிறேன்.

பழைய வயர்மேன் (2.04)

பிரேக்கரை அணைத்துவிட்டு உருவுங்கள். ஓடும் சுமையோடு உருவினால் தீப்பொறி தகட்டை அரிக்கும். உங்களுக்கு முன் அந்தத் தளத்தில் நின்றவர்கள் அப்படித்தான் உருவியிருப்பார்கள். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.

தென்றல்_டெக்சஸ் (மாலை 6.30)

என்ன ஆயிற்று?

மூன்று நாய் அம்மா (புதன், காலை 8.05)

சக்கரவீடு சார், இன்றுதானே மருத்துவரிடம் போகிறீர்கள்? நாய்களுக்கு என்ன ஏற்பாடு? ஒரு வரி எழுதுங்கள், மனது கேட்கவில்லை.

மேற்கூரை மாணிக்கம் (புதன், இரவு 9.10)

பதிலே இல்லையே.

சக்கரவீடு (வெள்ளி, காலை 7.20)

தாமதத்துக்கு மன்னிக்கவும். காப்புப் பெட்டியின் பிளக்கில் ஒரு தகடு மட்டும் வேர்க்கடலைத் தோல் நிறத்தில் இருந்தது. அதைச் சுற்றிய பிளாஸ்டிக் இளகி, விரல் ரேகை பதிந்தது போல் அமுங்கியிருந்தது. சாக்கெட்டுக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனால் கருகிய வாடை. பார்க் அலுவலகத்தில் காட்டினேன், வேறு தளம் கொடுத்தார்கள். கருகிய பிளக்கோடு போக வேண்டாம் என்று புதிய காப்புப் பெட்டி வாங்கினேன். இங்கே மதியம் ஏசியோடு 112. மைக்ரோவேவ் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது.

புதன்கிழமை, ஏசியை மாற்றச் சொன்ன அதே பக்கத்து ட்ரெயிலர்காரர் மூன்றரை மணி நேரம் கறுப்பனோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். கறுப்பனை நேற்றுக் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். பணிமகள் அம்மா சொன்னதையே அவரும் சொன்னார். பகல் சூட்டில் நடக்க வைக்கக் கூடாது என்றார். மனைவியின் கண் நன்றாக இருக்கிறது. ஞாயிறு அதிகாலை ஃபிளாக்ஸ்டாஃப் கிளம்புகிறோம். அனைவருக்கும் நன்றி.

பழைய வயர்மேன் (7.41)

அங்கே 6900 அடி, ஏசி அதிகம் தேவைப்படாது. இருந்தாலும் செருகும் முன் சாக்கெட்டைப் பாருங்கள். செருகி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைத்தால் தளம் மாற்றுங்கள்.

கால்நடைப் பணிமகள் (8.15)

அதிகாலை என்றால் நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள் அண்ணா. வழியில் ஃபீனிக்ஸைப் பத்து மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும். வண்டியில் கறுப்பனுக்கு ஏசிக் காற்று நேராகப் படும் இடம் கொடுங்கள்.

புதியவர்_நெவாடா (பிற்பகல் 1.12)

எங்கள் ட்ரெயிலரிலும் ஏசி இப்படித்தான் நிற்கிறது. என்ன செய்வது?

கொலராடோ கிழவர் (1.20)

மைக்ரோவேவ் கடிகாரம் மின்னுகிறதா?